தகடு பொருத்தியது கால் அசைவதற்காகவே

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் கணுக்கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பியிருப்போருக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பேணும் குடும்பத்தாருக்கும் ஒரு திறந்த மடல்.



கணுக்கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மருத்துவமனையில் தங்குவது பெரும்பாலும் சில நாட்களே. அதன்பின் வரும் மூன்று மாதங்களும், கால் பழைய நிலையை எட்டும் வரை நீளக்கூடிய ஓராண்டும் வீட்டுக் கூடத்திலும் மாடிப்படியிலும் வேலையிடத்திலுமே கழிகின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. அதனுடன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் சேர்ந்து, சி.டி.எச். சாலை எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து விழுந்த ஒருவர் அறுவை அரங்கைச் சென்றடையும் வழியை முன்னைவிட எளிதாக்கியிருக்கின்றன. அரங்கை விட்டு வெளியே வந்தபின் அந்தக் கால் மீண்டும் நடப்பதற்கான வழியோ, பல நேரங்களில், வீட்டுக்கு அனுப்பும் சீட்டின் அடியில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் எழுதப்பட்ட ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வரியைப் படித்து விளக்க ஆளில்லாத வீட்டில் அக்கம்பக்கத்தார் சொல்வதே மருத்துவமாகிவிடுகிறது.

அவ்வாறு சொல்லப்படுபவற்றுள் முதன்மையானது, எலும்பு கூடும் வரை காலை அசைக்கவே கூடாது என்பது. அதற்கு நேர்மாறான மற்றொரு தவறும் இந்த வட்டாரத்தில் அருகிக் காணப்படுவதன்று: வலி சற்றுத் தணிந்ததும், சம்பளம் போகிறதே என்ற கவலையில், காலை இழுத்துக்கொண்டே ஷிப்டுக்குத் திரும்பிவிடுவது. முதலாவது மூட்டை இறுக்கிவிடுகிறது. இரண்டாவது, இன்னும் வலுப்பெறாத காலின்மீது முழுநாள் பாரத்தை ஏற்றிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி எது, அதில் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது எவ்வளவு, நோயாளி அன்றாடம் செய்ய வேண்டியது எவ்வளவு என்பதை விளக்குவதே இம்மடலின் நோக்கம்.

கணுக்கால் மூட்டில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. முழங்காலிலிருந்து இறங்கும் பெரிய எலும்பின் கீழ்முனை உட்பக்கத்திலும், அதை ஒட்டி இறங்கும் மெல்லிய எலும்பின் கீழ்முனை வெளிப்பக்கத்திலும் புடைத்து நிற்கின்றன. தொட்டால் தட்டுப்படும் இந்த இரு புடைப்புகளே உள்கணு, வெளிக்கணு எனப்படுபவை. இவற்றுக்கு நடுவே, தச்சர் செதுக்கிய துளையில் கழுந்து பொருந்துவதுபோல், பாதத்தின் உச்சியிலுள்ள கணுவெலும்பு பொருந்தியிருக்கிறது. உடலின் முழுப் பாரமும் இந்தச் சிறு பரப்பின் வழியாகவே தரைக்கு இறங்குவதால், பொருத்தம் சிறிது பிசகினாலும் விளைவு பெரிதாகிறது: கணுவெலும்பு ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது என்று ராம்சே, ஹாமில்டன் ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விலகிய முறிவைக் கட்டுப் போட்டு விட்டுவிடாமல், திறந்து, நேராக்கி, தகடும் திருகும் கொண்டு இறுக்குவதற்கு, அதாவது மக்கள் பேச்சில் ‘பிளேட், ஸ்குரூ வைப்பதற்கு’, முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் பலருக்கும் சொல்லப்படுவதில்லை. 1958இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர் முதலிய அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ‘ஏ.ஓ.’ என்ற ஆய்வுக் குழுவை அமைத்தபோது, அவர்களை உறுத்தியது எலும்பு கூடாமல் போவது மட்டுமன்று. மாதக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் கிடந்த கால், எலும்பு நன்றாகக் கூடிய பின்னும், மூட்டு இறுகி, சதை சூம்பி, வீக்கம் வடியாமல் பயனற்றுப்போவதைக் கண்டு, அந்நிலையை அவர்கள் ‘முறிவு நோய்’ என்றே குறிப்பிட்டனர். முறிந்த துண்டுகளை உள்ளேயே உறுதியாகப் பிணைத்துவிட்டால் எலும்பு கூடிக்கொண்டிருக்கும்போதே மூட்டை அசைக்கலாம் என்பது அவர்களுடைய சிகிச்சை முறையின் அடித்தளம். ஆகவே தகடு பொருத்திய பிறகும் காலைத் தலையணைமேல் கிடத்தி இரண்டு மாதம் அசையாது காப்பது, அறுவை சிகிச்சையால் கிடைத்த பலனில் பாதியைக் கைவிடுவதாகும்.

அசைக்கக் கூடாது என்ற நம்பிக்கை வெறும் அறியாமையிலிருந்து பிறந்ததும் அன்று. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் உள்ள புத்தூரில் வளர்ந்த எலும்பு கட்டும் மரபு, 19ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை இப்பகுதி மக்களின் வாழ்வோடு கலந்தது. சென்னையின் மேற்குப் புறநகரில் பல கடைவீதிகளில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைக் காணலாம். பச்சிலையும் முட்டை வெண்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கும் அம்முறையில் எலும்பை நிலைநிறுத்துவது வெளிக்கட்டு ஒன்றே. அங்கே அசையாமை இன்றியமையாதது. உள்ளே தகடு வைத்துப் பிணைத்த காலுக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. அம்மரபையொட்டி வரும் எண்ணெய் உருவுதலை, தையல் புண் ஆறாத காலிலும் வீங்கிய கெண்டைக்காலிலும் செய்யத் துணிவது தீங்கானது. அங்கே இரத்தக்கட்டி உறைந்திருந்தால் அழுத்தித் தேய்ப்பதால் அது இடம்பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும்.

அறுவைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்கள் புண் ஆறுவதற்குரியவை. இக்காலத்தில் கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்கும்படி படுத்த நிலையில் தாங்கி வைக்கப்பட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலிமேல் நீட்டுவது அந்த உயரத்தைத் தராது. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மணிக்கொரு முறை மடக்கி நீட்டுவதும், முழங்காலை நிமிர்த்தித் தொடைச்சதையை இறுக்கி விடுவதும், காலை நேராக ஒரு சாண் தூக்கி இறக்குவதும் முதல் நாளிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிகள். பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தையல் பிரிக்கப்படுகிறது. அதையடுத்து மருத்துவர் இசைந்தால் கட்டை அவிழ்த்து மூட்டை அசைக்கத் தொடங்கலாம்.

அப்போது செய்ய வேண்டியவை எளியவை. பாதத்தை முகத்தை நோக்கி இழுப்பதும் கீழ்நோக்கி நீட்டுவதும் முதற்பயிற்சி. பெருவிரல் நுனியால் காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் எழுதுவது எல்லாத் திசைகளிலும் மூட்டைத் திருப்பும் பயிற்சி. முழங்கால் அசையாமல் பாதம் மட்டும் எழுத வேண்டும் என்பது அதன் விதி. கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் கோத்து, அதன் இரு முனைகளையும் தன்பால் மெல்ல இழுத்து அரை நிமிடம் நிறுத்துவது, குதிகாலின் பின்புறமுள்ள தசைநாண் சுருங்கிப்போகாமல் காக்கிறது. தரையில் பரப்பிய துண்டை விரல்களால் சுருட்டுவது பாதத்தின் சிறு தசைகளை எழுப்புகிறது. இவற்றை ஒரே வேளையில் நூறு முறை செய்து காலை வீங்கச் செய்வதைவிட, வேளைக்குப் பத்துப் பத்தாக, நாளில் நான்கைந்து வேளை செய்வதே நலம். பயிற்சியின்போது இழுப்பும் இலேசான வலியும் தோன்றுவது இயல்பு. ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் தணியாத வலியும், மறுநாள் காலையில் கூடியிருக்கும் வீக்கமும் அளவு மிஞ்சியதன் அறிகுறிகள்.

எப்போது பாதம் ஊன்றலாம் என்பதே எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி. இதில் நான்கு படிகள் உண்டு: பாதம் தரையில் படாமல் நடப்பது, சமநிலைக்காக மட்டும் தரையைத் தொடுவது, உடற்பாரத்தின் ஒரு பகுதியை இறக்குவது, முழுப் பாரத்தையும் இறக்குவது. எந்தக் கால் எந்த நாளில் எந்தப் படியில் இருக்கிறது என்பது முறிவின் வகை, எலும்பின் உறுதி, முழங்காலிலிருந்து இறங்கும் இரு எலும்புகளையும் கணுவருகே பிணைக்கும் நார்ப்பட்டை அறுந்து அதற்குத் தனித் திருகு போடப்பட்டதா என்பனவற்றைப் பொறுத்தது. ஆகவே இதை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை செய்த மருத்துவரே. ஆயினும் ஆறு வாரம் ஊன்றவே கூடாது என்ற பழைய பொதுவிதி இன்று தளர்ந்துவருகிறது. பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில், அறுவை செய்துகொண்ட 561 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டாம் வாரத்திலும் மற்றவரை ஆறாம் வாரத்திலும் ஊன்றவைத்து ஒப்பிட்ட ஆய்வு 2024இல் லான்செட் இதழில் வெளிவந்தது. முன்னதாக ஊன்றியவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை என்பது அதன் முடிவு. எல்லா முறிவுக்கும் பொருந்தும் கட்டளையாக இதைக் கொள்ள முடியாது. எனினும், ‘எனக்கு முன்னதாகவே ஊன்றலாமா’ என்று மருத்துவரிடம் கேட்பதற்கு நோயாளிக்கு இது போதிய காரணமாகும். ஒரு பகுதிப் பாரம் என்று சொல்லப்பட்டால் அதை ஊகத்துக்கு விடாமல், எடை பார்க்கும் கருவிமீது நோவுள்ள காலை வைத்து, சொல்லப்பட்ட கிலோ வரை அழுத்திப் பழகினால் அளவு உடலுக்குத் தெரிந்துவிடும்.

ஊன்றுகோலும் வாக்கரும் தற்செயலாகக் கிடைத்த அளவில் பயன்படுத்தத்தக்கவை அல்ல. அக்குளுக்கும் ஊன்றுகோலின் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடத்துக்கு நேராகப் பிடி அமைய வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டுமேயன்றி அக்குளில் அன்று, ஏனெனில் அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் கை மரத்து மணிக்கட்டுத் தொய்ந்துபோகும். படியில் ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது நோவுள்ள காலும் முதலில் செல்ல வேண்டும். சாலை உயர உயர வாசலும் உயர்த்திக் கட்டப்பட்ட வீடுகளும், மின்தூக்கி இல்லாத மூன்றடுக்குக் குடியிருப்புகளும், நடைமேம்பாலம் ஏறாமல் தடம் கடக்க இயலாத மின்சார ரயில் நிலையங்களும் நிறைந்த வட்டாரத்தில், இந்த ஒரு விதியை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது இரண்டாவது வீழ்ச்சியைத் தடுக்கும். தரைமட்டக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், மருந்துக் கடைகளில் கிடைக்கும், நடுவில் துளையுள்ள நாற்காலியை அதன்மேல் வைத்துக்கொண்டால் அந்த இடர் தீரும்.

மூட்டின் அசைவு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது வாழ்க்கை முறையைப் பொறுத்தது. சமதளத்தில் நடப்பதற்குப் பாதம் மேல்நோக்கிப் பத்துப் பாகை அளவு மடங்கினால் போதும். குதிகால் தரையில் பதியக் குந்தி உட்காருவதற்கோ முப்பது பாகைக்கும் மேல் வேண்டும். நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் பழகிய நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் முன்னதோடு நிறைவடையலாம். வாசலில் குந்திக் கோலமிடுபவருக்கும், தரையில் அமர்ந்து பட்டறையில் வேலை செய்பவருக்கும், குந்தி எழாமல் ஒரு நாளும் கழியாத கட்டடத் தொழிலாளிக்கும் அது போதாது. முழுப் பாரம் ஊன்ற அனுமதி கிடைத்தபின், இதை வீட்டிலேயே அளக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, நோவுள்ள காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும்; தொட முடிந்த மிகத் தொலைவான இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து, தேதியோடு காலண்டரில் குறித்துவர வேண்டும். மற்றக் காலை அதேபோல் அளந்தால் இலக்கு தெரிந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கூடினால் மூட்டு ஏறத்தாழ மூன்றரைப் பாகை கூடுதலாக மடங்குகிறது என்று பொருள். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் இந்த அளவு இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அது இயன்முறை மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை.

இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, என்றதும் பலருடைய மனத்தில் எழுவது கரண்ட் வைப்பதும் சூடு வைப்பதும் சுடுமெழுகில் காலை முக்குவதும்தான். இவை வலியைச் சிறிது தணிக்கலாம். மூட்டை அசையச் செய்வதும் சதையை வலுவாக்குவதும் பயிற்சியே. ஆஸ்திரேலியாவில், கட்டுப் பிரித்த கணுக்கால் முறிவு நோயாளிகள் 214 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து தெளிவாக்கியது: இயன்முறை மருத்துவர் ஒரு முறை உட்கார்ந்து தெளிவாக விளக்கிச் சொல்லி அனுப்பியவர்களும், அந்த விளக்கத்தோடு தொடர்ந்து மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவில் தேறினர். சிக்கலற்ற முறிவுடைய ஒருவர், நாள்தோறும் ஆட்டோ பிடித்துச் சென்று கருவியின்முன் படுத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். அதற்கு ஈடாக, அந்த ஒரு முறை விளக்கம் அவசரமின்றி, முழுமையாக, அவருக்குப் புரியும் மொழியில் கிடைத்திருக்க வேண்டும். மூட்டு இறுகியவர், முதியவர், நீரிழிவு உள்ளவர், பல இடங்களில் முறிவுற்றவர் ஆகியோருக்குத் தொடர் மேற்பார்வை தேவைப்படலாம். வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணிகளுள் வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒன்று.

ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம் வலுவூட்டலுக்குரியது. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி நான்கு திசைகளிலும் எதிர்த்து இழுப்பது, முதலில் உட்கார்ந்தும் பின்பு சுவரைப் பிடித்து நின்றும் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பல் துலக்கும் நேரத்தில் ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நோவுள்ள காலில் மட்டும் நிற்பது ஆகியவை இக்கட்டத்தின் பயிற்சிகள். ஒற்றைக் காலில் நிற்பது சதைக்கு மட்டுமன்றி, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே உணரும் திறனுக்கும் பயிற்சியாகும். முறிவோடு குலையும் அந்தத் திறன் திரும்பாவிட்டால், மேடுபள்ளமான தெருவில் கால் மீண்டும் மீண்டும் பிசகும். மாலையில் வீக்கம் தோன்றிக் காலையில் வடிவது பல மாதங்கள் நீடிக்கலாம். அதைக் கண்டு அஞ்சி நடையை நிறுத்த வேண்டியதில்லை.

வண்டி ஓட்டுவது தனிக் கேள்வி. பைக்கில் இடப்பாதம் கியரை உயர்த்தி அழுத்த வேண்டும், வலப்பாதம் பிரேக்கை மிதிக்க வேண்டும். கியரில்லாத ஸ்கூட்டரிலும், சிக்னலில் நிற்கும்போது வண்டியின் சாய்வைத் தாங்குவது கால்தான். வலக் கணுக்கால் முறிந்து அறுவை செய்துகொண்டவர்களை, கார் ஓட்டுவதைப் போலிக்கும் கருவியில் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய பிரேக் மிதிக்கும் வேகம் இயல்புக்குத் திரும்ப ஒன்பது வாரம் ஆயிற்று. வலியின்றி ஒற்றைக் காலில் நிற்கவும் குதிகாலை உயர்த்தவும் முடியாதவர் சாவியைத் தொடாதிருப்பது அவருக்கும் சாலையில் செல்லும் பிறருக்கும் நல்லது.

1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய பட்டறைகளிலும் உழைப்போரில் பலர் விரைந்து வேலைக்குத் திரும்புவதற்குக் காரணம் பொறுமையின்மை அன்று, வருமானம் நின்றுபோவதே. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு இதில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. பணியிடத்தில் நேர்ந்த காயத்துக்கு, உடல் தேறும் வரை, சராசரி ஊதியத்தின் 90 விழுக்காடு தற்காலிக இயலாமைப் பயனாகக் கிடைக்கும்; பணியோடு தொடர்பில்லாத காயமாயின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியிடக் காயமாகவே கொள்ள வேண்டும் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. இதை அறியாமல், வழியில் வண்டி சறுக்கி விழுந்ததை வெறும் நோய் விடுப்பாக எழுதிவிடுவோர் உளர். விபத்து அறிக்கையை நிறுவனத்திடம் உடனே பதிவு செய்யச் சொல்வது குடும்பத்தார் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய காரியம். வேலைக்குத் திரும்பும்போதும், முதல் சில வாரங்களுக்கு உட்கார்ந்து செய்யும் பணியோ குறைந்த நேரமோ வேண்டும் என்று மருத்துவரிடம் சான்று பெற்றுக் கொடுப்பது, முழு ஓய்வுக்கும் முழு ஷிப்டுக்கும் நடுவே ஒரு படியை உண்டாக்கும்.

நீரிழிவு உள்ளோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, அளவு மிஞ்சிய பாரத்தை உணர்த்தும் வலி எழுவதில்லை. எலும்பும் புண்ணும் ஆறும் வேகமும் குறைவு. ஆகவே அவர்கள் ஊன்றும் நாள் பெரும்பாலும் மற்றவர்களினும் தள்ளிப்போகும், அண்டை வீட்டுக்காரர் ஆறாம் வாரத்தில் நடந்தார் என்பது அவர்களுக்கு அளவுகோலாகாது. புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் உறுதிப்பட்ட உண்மை. எவராயினும், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, தையலிலிருந்து சீழோ நீரோ கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, பாதம் நிறம் மாறித் தொட முடியாதபடி எரிந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் 108ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே இம்மடல் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது: வீட்டுக்கு அனுப்பும் நாளில், படுக்கையைவிட்டு எழுமுன், ஐந்து கேள்விகளுக்கு விடையைத் தமிழில் எழுதித் தரும்படி நோயாளியும் குடும்பத்தாரும் கேட்க வேண்டும். மூட்டை அசைக்கத் தொடங்குவது எந்த நாளில்? பாதம் ஊன்றுவது எந்த நாளில், எவ்வளவு பாரத்தோடு? வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் எவை, நாளுக்கு எத்தனை வேளை? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? இயன்முறை மருத்துவர் காலைப் பார்க்கப்போவது எப்போது, எங்கே? ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும் இந்த விடைகளை எழுத மருத்துவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். கேட்பவர் எண்ணிக்கை கூடக்கூட, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், அந்தத் தாள் அச்சிட்ட படிவமாகவே அறுவைப் பிரிவில் தயாராக இருக்கும் நிலை வரும். அதுவரை, தயங்காமல் கேட்டு வாங்குவதே அடுத்து அதே படுக்கைக்கு வருபவருக்கும் வழியைத் திறந்துவைப்பதாகும்.